‘வேரியன்ஸ்’ என்று வந்தால் ‘எதிலிருந்து?’ என்று கேளுங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘அவர்களுக்குள் எந்த வேற்றுமையும் இல்லை’ என்று சொல்கிறோம். இலக்கண வகுப்பில் ‘ஐ என்பது இரண்டாம் வேற்றுமை உருபு’ என்றும் படிக்கிறோம். ஒரே சொல், ஆனால் இரண்டு பொருளையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்தில் ‘உருபு’ வந்தால் இது இலக்கணம் என்று மனசு தானாகவே கண்டுபிடித்துவிடும். ஆங்கிலத்தில் ‘வேரியன்ஸ்’ இதே மாதிரியான சொல்தான். புள்ளியியலில் ஒன்று, கணக்கியலில் இன்னொன்று, அமெரிக்க நகர்த் திட்டச் சட்டத்தில் வேறொன்று, புரோகிராமிங்கில் அதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாததுபோல் தெரிகிற ஒன்று. ஆங்கிலத்தோடு வளராத நமக்கு அந்தத் தானியங்கிக் கண்டுபிடிப்பு கிடையாது. கொஞ்சம் முயற்சி செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் ஆண்டுச் செலவு அறிக்கை என்னிடம் வந்தது. கையில் இருந்த கலைச்சொல் பட்டியலில் வேரியன்ஸுக்கு நேராக ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று இருந்தது. அதையே பன்னிரண்டு பக்கங்களிலும் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் ஒரு அட்டவணையில் விரலை வைத்து, ‘இதில் மைனஸ் 340 என்று இருக்கிறதே, வர்க்கங்களின் சராசரி எப்படி மைனஸ் ஆகும்?’ என்று கேட்டார். ஆகாது. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அந்த ஒரு கழித்தல் குறியைக் கவனித்திருந்தாலே இது புள்ளியியல் இல்லை, கணக்கியல் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், சொல்லுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் ‘அட்’ என்றும் பின்னால் ‘வித்’ என்றும் வந்தால் அது ‘ஒத்துப்போகாமல் இருக்கிறது’ என்ற பொதுவழக்கு. ‘அவர் சொன்னது ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதிவிட்டு நகரலாம், அங்கே கலைச்சொல்லே தேவையில்லை. ‘பட்ஜெட்’, ‘ஃபேவரபிள்’, ‘அட்வர்ஸ்’ கூட வந்தால் கணக்கியல். ‘கிராண்ட்’, ‘அப்ளை ஃபார்’ போன்ற வினைச்சொற்கள் வந்தால், அதாவது வேரியன்ஸை யாரோ கேட்கிறார்கள், யாரோ கொடுக்கிறார்கள் என்றால், அது சட்டம். ‘சாம்பிள்’, ‘மீன்’, ‘எஸ்டிமேட்’ வந்தால் புள்ளியியல். ‘டைப்’, ‘ஜெனரிக்’, ‘சப்டைப்’ வந்தால் புரோகிராமிங்.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஆவணத்தில் இரண்டு பொருளும் வரலாம். தொழிற்சாலைத் தர அறிக்கையில் ஒரு பக்கம் பாகங்களின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற புள்ளியியல் பொருள் வரும், அடுத்த பக்கம் செலவு திட்டத்தைத் தாண்டியது என்ற கணக்கியல் பொருள் வரும். அதனால் ஆவணத்துக்கு ஒருமுறை முடிவு செய்தால் போதாது, சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள்.

இரண்டாம் படி: ‘எதிலிருந்து?’ என்ற கேள்வி

மாறுபாடு என்றால் ஏதோ ஒன்றிலிருந்து மாறுபட வேண்டும். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பொருள் தெளிந்துவிடும். தரவு தன் சொந்தச் சராசரியிலிருந்து விலகினால் புள்ளியியல். நடந்தது திட்டமிட்டதிலிருந்து விலகினால் கணக்கியல். ஒரு மனை பொது விதியிலிருந்து விலக அனுமதி பெற்றால் நகர்த் திட்டம். குற்றச்சாட்டில் எழுதியதிலிருந்து சாட்சியம் விலகினால் வழக்குச் சட்டம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. அவை இரண்டுதான், பின்னால் வருகின்றன.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். புள்ளியியலில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம், ஏனென்றால் புதியவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் போவது அங்கேதான்.

புள்ளியியல்: சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறல்?

இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஐந்து நாள் நடந்து போகிறார்கள். முதலாமவருக்கு ஆன நிமிடங்கள்: 28, 30, 30, 31, 31. இரண்டாமவருக்கு: 20, 25, 30, 35, 40. இருவருக்கும் சராசரி 30 நிமிடம்தான். ஆனால் ‘அரை மணியில் வந்துவிடுவேன்’ என்று யார் சொன்னால் நம்பலாம் என்று உங்களுக்கே தெரிகிறது. அந்த நம்பிக்கையின் அளவை ஓர் எண்ணாக்குவதுதான் வேரியன்ஸ்.

கணக்கிடும் முறை இது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். முதலாமவருக்கு −2, 0, 0, 1, 1 என்று வரும். இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம். எந்தத் தரவுக்கும் பூஜ்யம்தான் வரும், சராசரி என்பதே மேலும் கீழும் சமப்படும் புள்ளி அல்லவா. அதனால் வர்க்கப்படுத்துகிறோம்: 4, 0, 0, 1, 1. கூட்டினால் 6. ஐந்தால் வகுத்தால் 1.2. இரண்டாமவருக்கு விலகல்கள் −10, −5, 0, 5, 10, வர்க்கங்கள் 100, 25, 0, 25, 100, கூட்டுத்தொகை 250, ஐந்தால் வகுத்தால் 50. ஒரே சராசரி, ஆனால் 1.2-க்கும் 50-க்கும் உள்ள தூரம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த 50 எந்த அலகில் இருக்கிறது? நிமிடத்தை வர்க்கப்படுத்தியதால் அது ‘சதுர நிமிடம்’. யாராலும் கற்பனை செய்ய முடியாத அலகு. அதனால்தான் கடைசியில் வர்க்கமூலம் எடுத்து மீண்டும் நிமிடத்துக்கு வருகிறோம்: 50-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.07 நிமிடம். இதுதான் திட்டவிலக்கம். வாசகரிடம் சிதறலைச் சொல்லும்போது திட்டவிலக்கத்தைச் சொல்லுங்கள், அவருக்கு அதுதான் புரியும்.

அப்படியானால் வேரியன்ஸ் எதற்கு? இந்தக் கேள்விக்கான பதிலை யாராவது தொடக்கத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பதில்: அதைக் கூட்டலாம். ஒரு பயணத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் கட்டத்தின் திட்டவிலக்கம் 3 நிமிடம், இரண்டாவதன் திட்டவிலக்கம் 4 நிமிடம், ஒன்றின் தாமதம் மற்றதைப் பாதிப்பதில்லை. மொத்தப் பயணத்தின் திட்டவிலக்கம் 7 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ஒன்று தாமதமாகும் நாளில் மற்றது சீக்கிரம் முடிந்து ஈடுகட்டவும் வாய்ப்பு இருக்கிறது. வேரியன்ஸ்களைக் கூட்டுங்கள்: 9 + 16 = 25. வர்க்கமூலம் 5. விடை 5 நிமிடம். வேரியன்ஸ் கூடும், திட்டவிலக்கம் கூடாது.

இந்தச் சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். 1918-இல் ரொனால்ட் ஃபிஷர், உறவினர்களுக்கிடையே உடற்பண்புகள் எப்படி ஒத்துப்போகின்றன என்பதை மெண்டலின் மரபு விதிகளோடு இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பண்பில் காணப்படும் சிதறலுக்குப் பல காரணங்கள் இருக்கும்போது, எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்ட அவருக்குக் கூட்டக்கூடிய ஓர் அளவு தேவைப்பட்டது. திட்டவிலக்கம் என்ற சொல் கார்ல் பியர்சன் வழியாக 1890-களிலேயே வந்துவிட்டது. அதன் வர்க்கத்துக்குத் தனிப்பெயர் வைத்தவர் ஃபிஷர். ‘அனோவா’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் அவர் தொடங்கிவைத்ததே. மரபியலில் இன்றும் ஒரு பண்பின் மொத்தச் சிதறலில் மரபு காரணமான பங்கு எவ்வளவு என்று சொல்வதைத்தான் ‘ஹெரிட்டபிலிட்டி’ என்கிறார்கள். அது ஒரு மக்கள்தொகையைப் பற்றிய எண். ‘என் உயரத்தில் 80 சதவீதம் அப்பா அம்மாவிடமிருந்து வந்தது’ என்று தனி ஆளுக்குப் பொருத்துவது தவறு, செய்தித்தாள் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

அப்புறம் அந்த n−1 விவகாரம், அதாவது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பது. ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா? கையில் இருப்பதே மொத்தத் தரவு என்றால் ஐந்து. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் நான்கு. ஏன் என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். முதலாமவரின் ஐந்து நாள் சராசரி 30. ஆனால் அவருடைய நீண்டகால உண்மைச் சராசரி 32 என்று வையுங்கள். 32-இலிருந்து விலகல்களை எடுத்து வர்க்கப்படுத்தினால் 16, 4, 4, 1, 1, ஆக 26. 30-இலிருந்து எடுத்தபோது வெறும் 6. மாதிரியின் சொந்தச் சராசரி அந்த எண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வதால், அதிலிருந்து அளக்கும் விலகல்கள் எப்போதும் குறைத்தே காட்டும். அந்தக் குறைவைச் சராசரியாகச் சரிசெய்யத்தான் வகுக்கும் எண்ணை ஒன்று குறைக்கிறோம். முதலாமவருக்கு அப்போது 6/4, அதாவது 1.5, இரண்டாமவருக்கு 62.5.

இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி இல்லை. எக்செலில் ‘வார்.பி’ மொத்த எண்ணிக்கையால் வகுக்கும், ‘வார்.எஸ்’ ஒன்று குறைத்து வகுக்கும். பைத்தான் மொழியில் நம்பை என்ற நூலகம் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மொத்த எண்ணிக்கையால் வகுக்கும். அதே மொழியின் பாண்டாஸ் நூலகம் ஒன்று குறைத்து வகுக்கும். ஆர் மொழியின் ‘வார்’ சார்பும் ஒன்று குறைத்தே வகுக்கும். ஒரே தரவை இரண்டு கருவியில் போட்டு வெவ்வேறு விடை வந்தால், மென்பொருளில் பிழை என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை இதுதான் காரணமாக இருக்கும்.

இன்னும் இரண்டு சின்னக் குணங்கள் தெரிந்திருந்தால் அறிக்கையைச் சரிபார்க்க உதவும். எல்லா எண்ணுடனும் 10 கூட்டினால் வேரியன்ஸ் மாறாது, ஏனென்றால் கூட்டம் மொத்தமாக நகர்கிறதே தவிர சிதறவில்லை. ஆனால் நிமிடத்தை வினாடியாக மாற்றினால், எல்லாவற்றையும் 60-ஆல் பெருக்குவதால் வேரியன்ஸ் 3600 மடங்காகும். அலகு மாறிய அட்டவணையில் வேரியன்ஸும் வெறும் 60 மடங்கு என்று இருந்தால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள்.

இதே பொருளின் இரண்டு கிளைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலீட்டு உலகில் வேரியன்ஸ் என்றால் லாபத்தின் ஏற்ற இறக்கம், அதாவது ஆபத்தின் அளவு. 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அந்த வழக்கு வேரூன்றியது, அவருக்கு 1990-இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. இயந்திரக் கற்றலில் ‘பயாஸ்–வேரியன்ஸ்’ என்று ஜோடியாக வரும். அங்கே ‘எதிலிருந்து?’ என்று கேளுங்கள்: வேறு வேறு பயிற்சித் தரவைக் கொடுத்து ஒரே மாடலைத் திரும்பத் திரும்பப் பழக்கினால், அதன் கணிப்பு அந்தக் கணிப்புகளின் சராசரியிலிருந்து எவ்வளவு தாவுகிறது என்பதுதான். தரவில் உள்ள இரைச்சலையும், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து மனப்பாடம் செய்யும் மாடலுக்கு இந்தத் தாவல் அதிகம்.

கணக்கியல்: திட்டத்துக்கும் நடந்ததற்கும் இடையில்

இங்கே வர்க்கம் இல்லை, சராசரி இல்லை. வெறும் கழித்தல். ஆனால் எளிது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, குறி. திட்டத்தைவிடச் செலவு கூடினால் கெடுதல், வருமானம் கூடினால் நல்லது. அதனால் வெறும் பிளஸ், மைனஸ் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் திட்டத்திலிருந்து நடப்பைக் கழிக்கும், சில நடப்பிலிருந்து திட்டத்தைக் கழிக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஃப்’ என்று இருந்தால் சாதகம், ‘ஏ’ அல்லது ‘யு’ என்று இருந்தால் பாதகம். தமிழில் எழுதும்போது ‘சாதக மாறுபாடு’, ‘பாதக மாறுபாடு’ என்று எழுத்தாலேயே எழுதிவிடுங்கள். வாசகர் குறியை வைத்து ஊகிக்க வேண்டிய நிலையை விட்டுவைக்க வேண்டாம்.

இரண்டாவது, மொத்தத்தை மட்டும் பார்ப்பது. ஒரு வேலைக்கு 100 கிலோ மூலப்பொருள், கிலோவுக்கு 10 அலகுப் பணம் என்று திட்டம், மொத்தம் 1000. நடந்தது என்ன? 110 கிலோ பிடித்தது, கிலோ 9-க்கு வாங்கினார்கள், மொத்தம் 990. மொத்த மாறுபாடு 10, அதுவும் சாதகம். அறிக்கையைப் படிப்பவர் ‘பரவாயில்லையே’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பிரித்துப் பாருங்கள். விலையால் வந்த மாறுபாடு: கிலோவுக்கு 1 குறைவு, 110 கிலோவுக்கு 110, சாதகம். அளவால் வந்த மாறுபாடு: 10 கிலோ அதிகம், திட்ட விலை 10 வீதம் 100, பாதகம். ஒருவேளை மலிவாக வாங்கிய சரக்கு தரம் குறைந்ததாக இருந்து அதிகம் வீணாகியிருக்கலாம். 10 என்ற எண் இந்தக் கதையை முழுவதும் மறைத்துவிட்டது.

கவனித்தீர்களா, விலை மாறுபாட்டை உண்மையில் வாங்கிய அளவாலும், அளவு மாறுபாட்டைத் திட்ட விலையாலும் பெருக்கினோம். அப்படிச் செய்தால்தான் இரண்டும் சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போகும். மொழிபெயர்ப்பில் ‘உண்மை’, ‘திட்ட’ என்ற இந்த இரண்டு அடைமொழிகள் இடம் மாறினால் சூத்திரமே தப்பாகிவிடும். நான் இப்போதெல்லாம் சூத்திரம் வரும் இடத்தில் ஒருமுறை எண்ணைப் போட்டுக் கணக்கிட்டுப் பார்க்காமல் விடுவதில்லை.

நகர்த் திட்டம்: விதியிலிருந்து ஒரு விலக்கு

இது அமெரிக்கச் சூழலுக்கு உரிய பொருள். நாவல், செய்தி, வீடு வாங்குவது பற்றிய கட்டுரை எதில் வேண்டுமானாலும் எதிர்ப்படும். அந்நாட்டு நகரங்கள் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன கட்டலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. நகரம் முழுவதற்குமான முதல் விதித்தொகுப்பு நியூயார்க்கில் 1916-இல் வந்தது. 1926-இல் யூக்ளிட் கிராமத்துக்கும் ஆம்ப்ளர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி மண்டலம் பிரிப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பொது விதி என்றால் அது பொருந்தாத மனை ஒன்றாவது இருக்கும். முக்கோண வடிவ மனை ஒன்றில் எல்லாப் பக்கமும் 20 அடி விட்டால் நடுவில் ஒரு அறை கட்டக்கூட இடமிருக்காது. அந்த உரிமையாளர் மேல்முறையீட்டு வாரியத்திடம் போய், ‘இந்த விதியை அப்படியே பின்பற்றினால் எனக்குத் தேவையற்ற இன்னல் வருகிறது’ என்று விண்ணப்பிக்கிறார். பொது நலனுக்குக் கெடுதல் இல்லை, கஷ்டத்துக்குக் காரணம் மனையின் தனித்தன்மை, அதை அவரே உண்டாக்கிக்கொள்ளவில்லை என்று வாரியம் நம்பினால் விலக்கு கிடைக்கும். அந்த விலக்குதான் வேரியன்ஸ். தூரம், உயரம் போன்ற அளவுகளுக்கானது ஒரு வகை; குடியிருப்புப் பகுதியில் கடை நடத்துவது போன்ற பயன்பாட்டுக்கானது இன்னொரு வகை, அது கிடைப்பது பொதுவாகக் கடினம்.

தமிழில் ‘விதிவிலக்கு அனுமதி’ என்று எழுதலாம். ‘மாறுபாடு வழங்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. மனையின் மண்டலத்தையே மாற்றும் ‘ரீஸோனிங்’ என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம்: அதில் விதியே மாறுகிறது, இதில் விதி அப்படியே இருக்க ஒரு மனைக்கு மட்டும் தளர்வு. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவும் இதே பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்பு விதியை வேறு வழியில் நிறைவேற்ற ஒரு நிறுவனத்துக்குத் தரும் அனுமதி அது.

நீதிமன்றப் பொருள் தனி. குற்றப்பத்திரிகையிலோ மனுவிலோ சொன்னதும் விசாரணையில் நிரூபிக்கப்பட்டதும் பொருந்தாமல் போவது. ‘முரண்பாடு’ என்று எழுதினால் போதும்.

கேள்விக்குப் பிடிபடாத இரண்டு இடங்கள்

ஒன்று புரோகிராமிங். ‘நாய்’ என்ற வகை ‘விலங்கு’ என்ற வகையின் உட்பிரிவு என்று வையுங்கள். அப்படியானால் ‘நாய்களின் பட்டியல்’ என்பதை ‘விலங்குகளின் பட்டியல்’ கேட்கும் இடத்தில் கொடுக்கலாமா? படிக்க மட்டும் என்றால் கொடுக்கலாம், எடுக்கும் ஒவ்வொன்றும் விலங்குதான். ஆனால் வாங்கியவர் அதில் ஒரு பூனையைச் சேர்த்துவிட்டால்? விலங்குகளின் பட்டியலில் பூனை சேர்வது நியாயம்தான், ஆனால் அடியில் இருப்பது நாய்களின் பட்டியல். ஜாவா மொழியில் ‘அரே’ எனப்படும் வரிசைகளுக்கு இதை அனுமதித்திருக்கிறார்கள், அதனால் நிரலைத் தொகுக்கும்போது எல்லாம் சரியாகத் தெரிந்து, ஓடும்போது ‘அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்’ என்று பிழை வரும்.

இப்போது மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் மருத்துவர் தேவைப்படும் இடத்துக்கு எந்த விலங்குக்கும் வைத்தியம் பார்ப்பவரை அனுப்பலாம். திசை தலைகீழாகிவிட்டது. உட்பிரிவு உறவு அதே திசையில் போனால் ‘கோவேரியன்ஸ்’, எதிர்த் திசையில் போனால் ‘கான்ட்ராவேரியன்ஸ்’, எந்தப் பக்கமும் மாற்றிக் கொடுக்க முடியாவிட்டால் ‘இன்வேரியன்ஸ்’. இந்த மூன்றுக்கும் பொதுப்பெயர்தான் இங்கே வேரியன்ஸ். காட்லின், சி ஷார்ப் என்ற நிரல் மொழிகளில் ‘அவுட்’, ‘இன்’ என்ற சின்னச் சொற்கள் இதற்காகத்தான்: வெளியே மட்டும் கொடுப்பது ‘அவுட்’, உள்ளே மட்டும் வாங்குவது ‘இன்’. நான் ‘உடன்திசை’, ‘எதிர்த்திசை’, ‘மாறாநிலை’ என்று எழுதி, முதல் தடவை மட்டும் ஒலிபெயர்ப்பையும் பக்கத்தில் வைக்கிறேன். புள்ளியியலிலும் கோவேரியன்ஸ் என்று ஒன்று உண்டு. அது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் எண். பெயர் மட்டும்தான் ஒன்று.

மற்றொன்று இயற்பிய வேதியியல். கிப்ஸ் என்ற விஞ்ஞானியின் நிலைமை விதியில், அமைப்பு நிலை மாறாமல் வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றில் எத்தனையை நம் விருப்பப்படி மாற்றலாம் என்ற எண்ணிக்கையை வேரியன்ஸ் என்பார்கள். கூறுகளின் (அதாவது வேதிப்பொருள்களின்) எண்ணிக்கையிலிருந்து நிலைமைகளின் (திண்மம், நீர்மம், வாயு போன்றவற்றின்) எண்ணிக்கையைக் கழித்து 2 கூட்ட வேண்டும். தண்ணீரும் நீராவியும் சேர்ந்திருந்தால் 1 − 2 + 2 = 1. பனி, நீர், நீராவி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் 1 − 3 + 2 = 0; எதையும் மாற்ற முடியாது, வெப்பநிலை 0.01 டிகிரி செல்சியஸில்தான் நிற்க வேண்டும். தமிழில் ‘விடுதலைப் படிகள்’ அல்லது ‘கட்டின்மைக் கூறு’ என்று வாசகருக்குப் பழகியதை எழுதுங்கள்.

மூன்றாம் படி: அண்டைச் சொற்களைப் பிரித்துவிடுங்கள்

‘வேரியேஷன்’ என்பது மாறும் நிகழ்வையோ மாறிய வடிவத்தையோ குறிக்கும் பொதுச்சொல். மாலுமிகளிடம் அது பூமியின் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோணம். இசையில் ஒரே மெட்டை விதவிதமாக விரித்து வாசிப்பது. ‘வேரியண்ட்’ எண்ணக்கூடிய பொருள்: ஒரு சொல்லின் மாற்று எழுத்துமுறை, ஒரு வைரஸின் திரிபு. கொரோனா திரிபுகளுக்கு ஆல்ஃபா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதம் அறிவித்தது. ‘வேரியபிள்’ மாறி. ‘டீவியேஷன்’ ஒரு தனி எண்ணின் விலகல். அப்படிப்பட்ட விலகல்கள் பல சேர்ந்துதான் வேரியன்ஸ்.

நான்காம் படி: தமிழில் எந்தச் சொல்?

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே புள்ளியியல் பொருளுக்கு ‘விலக்க வர்க்கச் சராசரி’, ‘பரவற்படி’ என்று இரண்டு சொற்களைப் பார்க்கலாம். இலங்கைப் பாடநூல்களில் ‘மாறற்றிறன்’, திட்டவிலக்கத்துக்கு ‘நியம விலகல்’. எனக்கு ‘விலக்க வர்க்கச் சராசரி’ மிகவும் பிடிக்கும். நீளம்தான், ஆனால் கணக்கிடும் முறையே சொல்லுக்குள் இருக்கிறது: விலக்கத்தை எடு, வர்க்கப்படுத்து, சராசரி காண். புதிதாகப் படிப்பவருக்கு எழுதினால் இதைத்தான் எழுதுவேன். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, பக்கத்துக்கு இருபது தடவை வரும் இடத்தில், ‘பரவற்படி’ கைக்கு வசதி. இலங்கை வாசகருக்கு எழுதினால் அவர்கள் படித்த சொல்லையே கொடுங்கள். ஒரே கட்டுரையில் மூன்றையும் கலந்துவிடாதீர்கள், மூன்று வெவ்வேறு அளவுகள் என்று நினைத்துவிடுவார்கள்.

கணக்கியலுக்கு ‘மாறுபாடு’ பொருந்துகிறது. ‘வேறுபாடு’ என்றால் இரண்டு பொருள்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. ‘மாறுபாடு’ என்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியது. திட்டத்திலிருந்து விலகியதைச் சொல்ல இரண்டாவதுதான் சரி. ஆனால் எச்சரிக்கையாக இருங்கள், ‘மாறுபாட்டுக் கெழு’ என்று புள்ளியியலிலும் உண்டு. அது திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கிய எண், வேரியன்ஸை வைத்துக் கணக்கிடுவது இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாக்கியம் பிடிபடாமல் இருந்தால், எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள். ‘இந்த எண் மைனஸ் ஆகலாமா?’ என்று ஒரே ஒரு கேள்வி. ஆகலாம் என்றால் அது விலக்க வர்க்கச் சராசரி இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் கலைச்சொல் பட்டியலில் குறிக்கும்போது, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், துறை என்ற மூன்று பத்திகளோடு நிறுத்தாமல் ‘எதிலிருந்து’ என்று நான்காவதாக ஒரு பத்தியும் போட்டு, அதில் சராசரி, திட்டம், விதி என்று எழுதி வையுங்கள்.